ஈரல் புற்றுக்கு முந்தைய செல்கள்: கேள்வி பதில்

நிவேதா: புற்று வருமுன்பே அதன் மூலச்செல்லை அழிக்கலாம் என்கிறார்களே, அது எந்தச் செல்?

எலியில் பிரித்தெடுத்தே காட்டிவிட்டார்கள். 2013-இல் அமெரிக்காவில் மைக்கேல் கரின் குழு செய்தது. டை-எத்தில் நைட்ரோசமைன் என்ற புற்றுண்டாக்கும் வேதிப்பொருளை ஊசி போட்ட எலிகளின் ஈரலை, கட்டி தென்படுவதற்குச் சில மாதம் முன்பே எடுத்து கொலாஜினேஸ் நொதியில் கரைத்தார்கள். சாதாரண ஈரல் செல்கள் தனித்தனியாக உதிர்ந்துவிடும். சில மட்டும் கொத்தாக ஒட்டிக்கொண்டு உதிராமல் நின்றன. நீங்கள் கேட்ட மூலச்செல்கள், அதாவது மேற்பரப்பில் சிடி44 என்ற புரதம் தாங்கிய செல்கள், அந்தக் கொத்துகளில்தான் இருந்தன.

அவற்றை வேறு எலிக்கு மாற்றினால், நல்ல ஈரலில் புற்று வராது. ஓயாமல் சேதமாகி, ஈடுகட்ட வளர்ந்துகொண்டே இருக்கும் ஈரலில்தான் வரும். முற்றிய புற்றுச்செல்லுக்கு அந்தச் சேதம் தேவையில்லை. இன்னொன்று: தொடக்கத்தில் வளர்ச்சிக்கு வேண்டிய ஐஎல்-6 என்ற சமிக்ஞைப் புரதம், அழற்சி செல்களிடமிருந்து வருகிறது. லின்28 என்ற இன்னொரு புரதம் செல்லுக்குள் ஏறியதும் இந்தச் செல்கள் அதைத் தாமே சுரந்துகொள்கின்றன.

கார்த்திக்: அப்படியானால் ஈரல் புற்று ஸ்டெம் செல்லில்தான் பிறக்கிறது, சரிதானே சார்?

இல்லை. அதே ஆய்வில் ஈரலின் ஸ்டெம் செல் போன்ற, பித்தநாளப் பக்கத்து முன்னோடிச் செல்களை மாற்றிப் பார்த்தபோது கட்டி வரவில்லை. 2015-இல் எலிகளில் ஈரல் செல்களுக்கு நிரந்தர அடையாளமிட்டுப் பின்தொடர்ந்தார்கள்; கட்டிகள் முதிர்ந்த ஈரல் செல்களிலிருந்தே வந்தன.

கார்த்திக்: மனிதக் கட்டிகளில் எப்கேம், சிகே19 போன்ற ஸ்டெம் செல் அடையாளப் புரதங்கள் எல்லாம் தெரிகிறதே?

தெரியும். அது செல்லின் இன்றைய நிலையைச் சொல்லுமே தவிர, பிறப்பைச் சொல்லாது. அடிபட்ட முதிர்ந்த செல் பின்னோக்கிப் போய் அதே புரதங்களைக் காட்டலாம். மனிதரில் அப்படி அடையாளமிட்டுப் பார்க்க முடியாது, அந்த அளவுக்கு உங்கள் பக்கம் நியாயம் உண்டு.

ரமேஷ்: மருந்து இருக்கிறதா?

நெருங்கி வந்தது பெரெட்டினோயின், வைட்டமின் ஏ-யைப் போன்ற செயற்கை மருந்து. 1996-இல் ஜப்பானில், கட்டியை அகற்றிய 89 பேரில் ஒரு பாதிக்குத் தினம் 600 மி.கி., 48 வாரம். மீண்டும் கட்டி வந்தவர்கள் 27%. வெற்று மாத்திரைக்காரர்களில் 49%. பிறகு ஹெபடைட்டிஸ் சி நோயாளிகள் 401 பேரிடம் செய்த பெரிய சோதனையில் 600 மி.கி.க்கும் வெற்று மாத்திரைக்கும் உறுதியான வித்தியாசம் நிற்கவில்லை. 2018-இல் ஜப்பானின் ரைகென் ஆய்வு நிறுவனக் குழு, இம்மருந்து எம்ஒய்சிஎன் என்ற மரபணு மிகுந்து இயங்கும் ஸ்டெம் செல் போன்ற செல்களைக் குறிவைக்கிறது என்று காட்டியது. எல்லோருக்கும் கொடுக்காமல் அத்தகைய செல் உள்ளவர்களைத் தேர்ந்து கொடுத்தால் பலன் தெளிவாகலாம் என்பது என் கணிப்பு. இரண்டு சோதனையும் மறுகட்டியைப் பற்றியவை, முதல் கட்டியை அல்ல.

ஷாந்தி: இதுவும் வைட்டமின் ஏ வகைதானே? மாத்திரை வாங்கலாமா?

வாங்காதீர்கள். அது வேறு மூலக்கூறு. வைட்டமின் ஏ, ஈரலில் அதைச் சேமிக்கும் ஸ்டெலேட் செல்களில் சேர்கிறது. மிஞ்சினால் அதே செல்கள் தழும்பு நாரை உண்டாக்கும். ஏற்கெனவே இறுகிய ஈரலுக்கு இது கேடு.

பெயரிடாதவர்: மீன் ஈரல் எண்ணெய்?

அதிலும் வைட்டமின் ஏதான். மேலே பார்க்கவும்.

முருகன்: கேரட்?

பொரியலாகத் தாராளமாகச் சாப்பிடுங்கள். வைட்டமின் ஏ கேள்விகள் இத்துடன் போதும்.

பெயரிடாதவர்: ரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதி எஸ்ஜிபிடி 68, புற்றா?

ரிப்போர்ட்டை இங்கே படிப்பதில்லை. ஈரல் மருத்துவரிடம் போங்கள்.

லதா: அப்பாவுக்குச் சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகுதல்). ஹெபடைட்டிஸ் சி குணமாகிவிட்டது. ஸ்கேனை நிறுத்தலாமா?

கூடாதும்மா. வைரஸ் போனாலும் தழும்பும் மாறிப்போன செல்களும் அங்கேயே இருக்கின்றன. ஆறு மாதத்துக்கொரு முறை அல்ட்ராசவுண்ட், கூடவே, ஈரல் புற்றில் உயரக்கூடிய ஏஎஃப்பி என்ற புரதத்துக்கு ரத்தப் பரிசோதனை. ஏஎஃப்பி நார்மல் என்று ஸ்கேனைத் தவறவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிசகு; சிறு கட்டிகள் பல அதை உயர்த்துவதே இல்லை. 1 செ.மீ. அல்லது அதற்கு மேல் முடிச்சு தெரிந்தால் பல கட்ட சிடி ஸ்கேன் அல்லது எம்ஆர்ஐ. அதைவிடச் சிறிதென்றால் மூன்று மாதத்தில் மறு ஸ்கேன். உடல் பருமனானவர் என்றால், ஈரல் முழுதும் தெரிந்ததா என்று ஸ்கேன் எடுத்தவரிடம் கேளுங்கள்.

கார்த்திக்: சிடி44-ஐயே அடைத்துவிட்டால்?

எலியின் ஈரல் செல்களில் அதை நீக்கியபோது கட்டிகள் குறைந்தன. ஆனால் வெள்ளணுக்களிலும் சிடி44 உண்டு; அடைத்தால் அவையும் பாதிக்கப்படலாம். இன்னும் புற்றே வராதவருக்கு வருடக்கணக்கில் கொடுக்கும் மருந்துக்குப் பக்கவிளைவு வரம்பு கீமோவைவிட மிகக் கடுமை; பல யோசனைகள் அங்கேதான் நின்றுபோகின்றன.