சோர்ந்து கிடக்கும் பிள்ளைக்கு என்ன கதை சொல்வது? – கேள்வி பதில்

பிள்ளைகளின் மனச்சோர்வில் கதைக்கு என்ன வேலை என்று நம் குழுவின் கடலூர், புதுச்சேரிப் பக்கத்து உறுப்பினர்கள் கேட்டதற்கு, குழந்தைகள் மனநல ஆலோசகரான நம் உறுப்பினர் தந்த பதில்கள்.

மஞ்சக்குப்பம், ஒரு அம்மா: பத்து வயசுப் பையன். மூணு வாரமா ஸ்கூல்னாலே வயித்துவலி. யார் கூப்பிட்டாலும் எரிஞ்சு விழறான். ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. கதை சொன்னா சரியாகுமா?

கதை மட்டும் சொன்னா சரியாகாதும்மா. மனச்சோர்வுன்னா மூலையில உட்கார்ந்து அழறதுன்னு நினைச்சுக்கிறோம். நிறைய பிள்ளைங்களுக்கு அது கோபமாவும் வயித்துவலியாவும்தான் வெளியே வரும். ரெண்டு வாரம் தாண்டினா டாக்டர்கிட்ட காட்டணும். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில மனநலத் துறை இருக்கு. நம்ம அரசுத் தலைமை மருத்துவமனையிலயும் கேளுங்க.

கதை அதுக்குத் துணை. "எனக்கு மட்டும்தான் இப்படி, நான் கெட்ட பையன்"னு அவன் உள்ளுக்குள்ள நம்பிக்கிட்டிருப்பான். அதை உங்ககிட்ட சொல்ல அவனுக்கு வாய் வராது. தேவனாம்பட்டினத்துல ஒரு பையன், படகு தள்ள எல்லாரும் கூப்பிடறாங்க, இவனுக்கு எழுந்திரிக்கவே முடியலன்னு ஆரம்பிங்க. "ஏன் முடியல அவனுக்கு?"ன்னு கேட்டுட்டுச் சும்மா இருங்க. அந்தப் பையன் பேரைச் சொல்லித் தன் விஷயத்தைப் பேசுவான். "அது நீதானேடா?"ன்னு பிடிச்சீங்க, அத்தோட கதவு மூடிடும்.

கதையில வர்ற பையன் மறுநாளே துள்ளி ஓட வேண்டாம், அது பொய்னு உங்க பிள்ளைக்குத் தெரியும். சாயங்காலம் யாரோ ஒருத்தர் வந்து அவன் பக்கத்துல உட்கார்ந்தா போதும். முடிவுல நீதி சொல்லாதீங்க.

முத்தியால்பேட்டை: என்ன புத்தகம் வாங்கலாம்?

ஷான் டான் எழுதி வரைஞ்ச 'தி ரெட் ட்ரீ', 2001ல வந்தது. எதுவுமே நல்லா நடக்காத ஒரு நாள், ஒரு சின்னப் பொண்ணு. எழுத்து ரொம்பக் கம்மி, படத்தைக் காட்டி நீங்களே தமிழ்ல சொல்லிக்கலாம். பக்கத்துக்குப் பக்கம் எங்கயோ ஒரு சிவப்பு இலை ஒளிஞ்சிருக்கும், பிள்ளை தேடட்டும். நீதி சொல்லாம மூடி வைங்க.

திருப்பாதிரிப்புலியூர்: புத்தக லிஸ்ட் ப்ளீஸ்.

மேலே ஒண்ணு சொன்னேனே. அதை முதல்ல படிங்க.

பண்ருட்டி: எங்க அம்மா பேத்திக்கு நல்லதங்காள் கதை சொல்றாங்க. பொண்ணு கொஞ்ச நாளா ரொம்ப டல்லா இருக்கா. சோகக் கதைதான் துணைன்னா இதுவும் சரிதானே?

இல்லைங்க. சோகம் இருக்கலாம், அதுல எனக்குத் தகராறே இல்ல. ஆனா பஞ்சத்துல பிறந்த வீடு தேடி வந்தவளை அண்ணி துரத்துறா, ஏழு பிள்ளைகளையும் கிணத்துல போட்டுட்டு அவளும் விழறா. சாவுதான் வழின்னு அந்தக் கதை போய் நிக்குது. "நான் இல்லாம போனா எல்லாருக்கும் நிம்மதி"ன்னு ஏற்கெனவே நினைக்கிற பிள்ளைக்கு அது துணை இல்ல, சம்மதம்.

நெல்லிக்குப்பம்: இது அநியாயம் சார். நாங்க எல்லாரும் சின்ன வயசுல கேட்டு அழுதவங்கதான். என்ன ஆயிட்டோம்? நம்ம கதையை நீங்களே தடை பண்ணுவீங்க போல!

தடைன்னு நான் எங்க சொன்னேன்? ஊரே கூடி உட்கார்ந்து ஒண்ணா அழுது, விடிஞ்சதும் ஒண்ணா எழுந்து போன கதை அது. சோர்ந்த பிள்ளை ராத்திரி தனியா படுக்கையில அதை வச்சுக்கிட்டு என்ன பண்ணும்? உங்களுக்கு ஒண்ணும் ஆகலைங்கிறது உங்க மனசைப் பத்தின சேதி.

நெல்லிக்குப்பம்: அப்ப முடிவை மாத்திச் சொன்னா?

இது நல்ல கேள்வி. நீங்க மாத்தாதீங்க, பிள்ளையை மாத்தச் சொல்லுங்க. "கிணத்தடிக்கு யாராவது வந்திருந்தா?"ன்னு கேளுங்க. யாரைக் கூட்டிட்டு வருதுன்னு பாருங்க. அந்த ஆள்கிட்டதான் பிள்ளைக்கு நம்பிக்கை. யாரும் வரலைன்னு சொன்னா, அன்னைக்கே டாக்டர்கிட்ட பேசுங்க.

சிதம்பரம்: நீதிக் கதை சொல்லக் கூடாதா?

எத்தனை தடவைங்க!

வில்லியனூர்: மாத்திரை கொடுக்கலாமா?

டாக்டரைக் கேளுங்க.

பண்ருட்டி: சாகணும்னு தோணுதான்னு அவகிட்ட நேரா கேட்கலாமா? நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடாதா?

ஆகாது. கேட்கறதால அந்த நினைப்பு புதுசா முளைக்கறதில்ல. இதுக்குக் கதை வேண்டாம், பக்கத்துல உட்கார்ந்து நேரா கேளுங்க. "ஆமா"ன்னா திட்டாதீங்க, தனியா விடாதீங்க. வீட்ல இருக்கிற மாத்திரை, பூச்சிமருந்து எல்லாத்தையும் இன்னைக்கே பூட்டி வைங்க. 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். காலையில பாட்டியையும் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரி போங்க.