சேது யாத்திரையில் முதல் கும்பிடு யாருக்கு?

தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “பிறந்த வீட்டில் சிவன், புகுந்த வீட்டில் பெருமாள். குடும்பத்தோடு சேது யாத்திரை கிளம்புகிறோம். திருப்புல்லாணிப் பெருமாளைப் பார்த்துவிட்டுத்தான் ராமேஸ்வரம் சிவன் என்கிறார் மாமியார். பரம்பொருள் யாரோ அவரைத்தானே முதலில் கும்பிட வேண்டும்?”

முதல் கும்பிடு பிள்ளையாருக்கு, அம்மா! தொண்டியிலிருந்து தெற்கே வந்தால் வழியிலேயே உப்பூர். தலைக்கு மேல் கூரை இல்லாமல் வெயில் காய்கிறாரே, அந்த வெயிலுகந்த விநாயகர்தான் தொடக்கம். அடுத்து தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணம், அதாவது நவகிரகங்களாகக் கும்பிடும் ஒன்பது கற்கள். அப்புறம் திருப்புல்லாணி, சேதுக்கரை, கடைசியில் ராமேஸ்வரம். ராமர் போன வழி என்று பெரியவர்கள் சொல்லும் வரிசை இது. மாமியார் சொன்னது சரிதான். ஆனால் வழியில் முதலில் வருவதால் ஒரு சாமி உசத்தி ஆகிவிடாது.

பரம்பொருள் கேள்விக்கு ஊர்ப் பெயரையே பிரித்துப் பாருங்கள். ‘ராமேஸ்வரன்’ என்றால் ராமனுக்கு ஈஸ்வரன் என்பார் சைவர். ராமனை ஈஸ்வரனாகக் கொண்டவன் என்பார் வைணவர். வடமொழி இலக்கணம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. ராமனேதான் ஈஸ்வரன் என்று மூன்றாவதாகவும் பிரிக்கலாம். சைவ சித்தாந்தத்துக்குச் சிவன், ராமானுஜர் வழிக்கு நாராயணன், அத்வைதத்துக்குப் பெயரும் உருவும் கடந்த பிரம்மம். பல நூறு ஆண்டுகளாக நடக்கும் வழக்கு. உங்கள் வேன் பாம்பன் பாலம் ஏறுவதற்குள் தீராது.

முன்பின் பற்றி ராமேஸ்வரம் கோயிலிலேயே ஒரு வேடிக்கை உண்டு. சீதை மணலில் பிடித்த ராமலிங்கம்தான் மூலவர். ஆனாலும் அனுமன் தாமதமாகக் கொண்டுவந்த விஸ்வலிங்கத்துக்கே முதல் பூஜை. அனுமன் மனம் நோகக் கூடாதென்று ராமர் செய்த ஏற்பாடாம். அதாவது, அங்கே மூலவரே காத்திருக்கிறார்.

மாமியார் திருநீறு பூச மாட்டார் என்றால் வற்புறுத்தாதீர்கள். கையில் வாங்கிக்கொண்டால் போதும். திருப்புல்லாணியில் நீங்கள் துளசி தீர்த்தம் வாங்குங்கள், சடாரிக்குத் தலை குனியுங்கள். அதனால் உங்கள் சிவன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தக் கடலில் முங்கிவிட்டு, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடுவது முறை. கிணற்று மேட்டில் நிற்பவர் வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டே இருப்பார். பிரகாரத் தரை எந்நேரமும் ஈரம், வயதானவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணியோடு சன்னிதிக்குள் விட மாட்டார்கள். மாற்றுத்துணிப் பையை வேனிலேயே விட்டுவிடாதீர்கள்.