யாருக்காக எடுத்த படம்? – கடிதம்

(மேலூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதியது. பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார். கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மேலூர் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. பி.காம் முடித்துவிட்டு மாட்டுத்தாவணி அருகே ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறேன். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து இரண்டு வருஷத்தில் ஒரு குறும்படமும் ஒரு ஆல்பம் பாட்டும் எடுத்தோம். குறும்படம் 18 நிமிஷம். கிரானைட் குவாரியில் வேலை பார்த்தவர், குவாரி மூடிய பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்கும் கதை. என் பெரியப்பாதான் நடித்தார். அவரும் குவாரியில் இருந்தவர். ஆல்பம் பாட்டு, நண்பனின் அப்பத்தா பாடுகிற நடவுப் பாட்டை வைத்து அவன் இசையமைத்தது. இரண்டுக்கும் சேர்த்து 46,000 ரூபாய் செலவு. யூடியூபில் போட்டு மூன்று மாதம் ஆகிறது. படத்தை 612 பேரும் பாட்டை 1,900 பேரும் பார்த்திருக்கிறார்கள்.

சென்னைக்குப் போய் ஒரு சினிமா அலுவலகத்தில் லிங்க் கொடுத்தோம். பத்து நாள் கழித்துப் போன் செய்தபோது, “விசிட்டிங் கார்டு ஸ்ட்ராங்கா இல்லையே தம்பி” என்றார்கள். குறும்படத்தைத்தான் விசிட்டிங் கார்டு என்கிறார்கள். வீட்டில் இதோடு போதும் என்கிறார்கள். குறும்படம் என்பது சினிமாவுக்குள் போகிற டிக்கெட் மட்டும்தானா அக்கா? டிக்கெட் கிடைக்காது என்றால் இதை எதற்கு எடுக்க வேண்டும்? இரண்டையும் பார்த்துவிட்டு மறைக்காமல் சொல்லுங்கள்.

அன்புள்ள தம்பி,

இரண்டையும் பார்த்தேன். படத்தை மூன்று தடவை. முதலில் போனில், அப்புறம் வீட்டு டிவியில் அம்மாவோடு. 11ஆவது நிமிஷத்தில் உங்கள் பெரியப்பா வாசல்படியில் உட்கார்ந்து, செம்பில் விரலை நனைத்துக் கண் இமையைத் துடைக்கிறார் இல்லையா? அந்த இடத்தில் அம்மா, “தூசியே இல்லையே, எதைத் துடைக்கிறாரு?” என்று கேட்டார். கேட்ட கொஞ்ச நேரத்தில் அவருக்கே விளங்கிவிட்டது. படம் முடிகிறவரை அப்புறம் பேசவில்லை. வேலை போன பிறகும் கை அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. 2012இல் முறைகேட்டுப் புகார்கள் கிளம்பி உங்கள் பக்கத்துக் குவாரிகள் மூடப்பட்டபோது பக்கம் பக்கமாகச் செய்தி வந்தது. எவ்வளவு கல் போனது, எவ்வளவு பணம் போனது என்றெல்லாம் படித்தேன். கல் உடைத்தவரின் கை என்ன ஆனது என்று எனக்குக் காட்டியது உங்கள் படத்தின் அந்த ஏழு நொடிதான்.

ஆனால் அந்த இடத்துக்கு வர நாங்கள் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் 1 நிமிஷம் 20 நொடி ட்ரோன். குவாரிப் பள்ளம், தேங்கிய பச்சைத் தண்ணீர், மறுபடியும் பள்ளம். அப்புறம் மகன் பைக்கில் வருகிறான், கூலிங் கிளாஸ் போட்டிருக்கிறான், கேமரா தரையோடு தரையாகக் கிடக்கிறது. டீக்கடையில் ஒரு சண்டை. வேலையில்லாத ஒரு அப்பாவின் கதையில் இந்தச் சண்டைக்கு என்ன வேலை என்று முதலில் புரியவில்லை. உங்கள் கடிதத்தை மறுபடி படித்தபோது புரிந்தது. ட்ரோன், பைக், சண்டை மூன்றையும் நீங்கள் சென்னையில் இன்னும் முகம் பார்க்காத ஒரு தயாரிப்பாளருக்காக எடுத்திருக்கிறீர்கள். இந்தப் பையனுக்கு ஃபைட் எடுக்க வரும், மாஸ் சீன் எடுக்க வரும் என்று அவர் நினைக்க வேண்டும். இமை துடைக்கிற ஷாட்டை எடுக்கும்போது அவர் உங்கள் ஞாபகத்தில் இருந்திருக்க மாட்டார். அங்கே நீங்கள் பெரியப்பாவை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். (அந்த ஷாட் மேல் வருகிற வயலினை எடுத்துவிடுங்கள். செம்பில் தண்ணீர் தளும்புகிற சத்தம் போதும்.)

சரி, டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். அந்த வழி பொய் என்று சொல்ல மாட்டேன். 2009இல் கலைஞர் தொலைக்காட்சியில் ‘நாளைய இயக்குநர்’ என்ற குறும்படப் போட்டி வந்தபோது ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்காத உதவி இயக்குநர் கிடையாது. அதில் குறும்படம் எடுத்த பலர் இன்று பெயர் சொல்லும் இயக்குநர்கள். நம் மதுரையில் பிறந்த கார்த்திக் சுப்புராஜ் அங்கிருந்து போய் 2012இல் முதல் படம் எடுத்தார். அதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு, குறும்படம் என்றால் பெரிய படத்தின் வாசல் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் வாசலாக நினைத்து எடுக்கிறவர்கள் எல்லோரும் வாசல் அலங்காரத்திலேயே பணத்தைக் கொட்டிவிடுகிறார்கள். எனக்கு அனுப்பப்படும் படங்களில் பத்துக்கு எட்டு இப்படித்தான் இருக்கின்றன. பார்த்துப் பார்த்து மனசு வலிக்கிறது. எல்லோரிடமும் ஒரு பெரியப்பா இருக்கிறார், எல்லோரும் அவரை ட்ரோனுக்குப் பின்னால் உட்கார வைக்கிறார்கள்.

இதே மதுரையில் இன்னொரு வழியும் இருந்தது, இருக்கிறது. ஆவணப்பட இயக்குநர் அமுதன் ஆர்.பி.யும் அவருடைய ‘மறுபக்கம்’ அமைப்பும் 1998இலேயே இங்கே ஆவணப்பட, குறும்பட விழாவைத் தொடங்கினார்கள். நான் முதன்முதலாகப் போனபோது சின்ன அறை, பிளாஸ்டிக் நாற்காலி, நாற்பது பேர்கூட இருக்க மாட்டார்கள். ஒவ்வொரு படமும் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டுப் பேசினார்கள். அமுதன் மதுரைத் தெரு ஒன்றில் மலம் அள்ளுகிற ஒரு பெண்ணின் வேலையைப் பின்தொடர்ந்து 2003இல் ஒரு ஆவணப்படம் எடுத்தார். அரை மணி நேரம்கூட ஓடாது. அந்தப் பெண் வேலை செய்துகொண்டே பேசுகிறார், கேமரா கூடவே நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து நான் நடந்த தெரு, காலையில் நடந்த அதே தெருவாக இல்லை. அந்தப் படத்தை யாரும் எதற்கும் டிக்கெட்டாக நினைத்திருக்க முடியாது.

இன்னும் பின்னால் போனால், சினிமா நம் ஊர்ப் பக்கம் வந்ததே துண்டுப் படமாகத்தான். 1895இல் லூமியேர் சகோதரர்கள் காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. 1905இல் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் படச்சுருள்களும் வாங்கிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். படத்தை எடுத்துக்கொண்டு ஜனங்கள் இருக்கிற இடத்துக்கு அவர் போனார். இதை ஏன் சொல்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது ஆல்பம் பாட்டு. இதில்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆரம்பத்தில் எட்டு நொடி ஒரு கிழவியின் குரல் வருகிறது. போனில் பதிந்தது, கரகரக்கிறது, பின்னால் ஒரு ஆடு கத்துகிறது. உடம்பு சிலிர்த்தது எனக்கு. அடுத்த நொடியே பீட் விழுந்து அந்தக் குரல் போய்விடுகிறது. அப்புறம் யானைமலை முன்னால் நான்கு பைக், ஸ்லோமோஷனில் துப்பட்டா பறக்க ஒரு பெண். அப்பத்தா திரும்ப வரவே இல்லை. கடைசியில் வரும் பெயர்ப் பட்டியலில் கலர் கரெக்‌ஷன் செய்தவர் பெயர் இருக்கிறது, டீ வாங்கிக் கொடுத்தவருக்குக்கூட நன்றி இருக்கிறது. அப்பத்தா பெயரைக் காணோம். தம்பி, இது எனக்குப் பொறுக்கவில்லை. பாட்டே அவருடையது.

நாட்டுப்புறப் பாட்டுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லையே என்று உங்கள் நண்பர் சொல்லலாம். வாய்வழியாக வந்த பாட்டைப் பொறுத்தவரை அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் அதை ஒருவர் பாடினால், அப்படிப் பாடியதில் பாடியவருக்கு ஒரு உரிமை வருகிறது. பதிப்புரிமைச் சட்டம் அதை நிகழ்த்துநர் உரிமை என்கிறது, 50 வருஷம் செல்லும். யாரும் வழக்குப் போடப்போவதில்லை என்பது வேறு. அப்பத்தாவிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பெயரை முதலில் போடுங்கள். அந்தப் பாட்டில் நாளைக்குப் பத்து ரூபாய் வந்தாலும் அதில் அவருக்கு ஒரு பங்கு இருக்கட்டும். (படத்தின் டீக்கடைக் காட்சியில் ரேடியோவில் ஓடுகிற சினிமாப் பாட்டு வேறு விஷயம். அதற்குத் தெளிவாகச் சொந்தக்காரர் உண்டு, யூடியூபின் இயந்திரமே கண்டுபிடித்துவிடும். எடுத்துவிட்டு வெறும் டீ ஆற்றுகிற சத்தத்தை வையுங்கள்.)

அதைவிட அவசரமான ஒன்று. அப்பத்தாவுக்குத் தெரிந்த பாட்டு அத்தனையையும் இந்த மாதமே பதிவு செய்யுங்கள். 2008இல் நானும் ஒரு தோழியும், சித்திரைத் திருவிழாவுக்குக் கள்ளழகர் மலையிலிருந்து இறங்கி வரும்போது அவர் புகழைச் சொல்லும் வர்ணிப்புப் பாட்டைப் பாடுகிற பெரியவர் ஒருவரை மூன்று இரவு பதிவு செய்தோம். ஏழு மணி நேரம் இருந்தது. ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க். அது பழுதானபோது சர்வீஸ் கடையில் கொடுத்தோம், காலியாகத் திரும்பி வந்தது. கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை, இன்னொரு பிரதி எடுத்து வைக்காதது நாங்கள். மறுபடி பதிவு செய்யலாம் என்று அடுத்த சித்திரைக்குப் போனால் பெரியவர் மாசியிலேயே காலமாகிவிட்டிருந்தார். அவர் குரல் இப்போது என் காதில் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே இரண்டு பிரதி எடுங்கள், இரண்டும் இரண்டு வீட்டில் இருக்கட்டும். ஒரு காலர் மைக், மின்விசிறியை நிறுத்திய ஒரு அறை, அல்லது சாயங்காலம் காற்று அடங்கிய களத்துமேடு, இவ்வளவு போதும். ஆடு கத்தினால் கத்தட்டும். பாடி முடித்ததும் ரெக்கார்டரை உடனே நிறுத்தாமல் ஒரு நிமிஷம் சும்மா ஓட விடுங்கள். அந்த இடத்தின் அமைதி எடிட்டிங்கில் ஒட்டுப்போட உதவும். அந்த ஒரு நிமிஷத்தில்தான் அவர்கள் சாதாரணமாக ஏதாவது பேசுவார்கள்.

அப்புறம் பாட்டை மறுபடி எடுங்கள். அப்பத்தா நடுவில் இருக்கட்டும், பேரன் பக்கத்தில் உட்காரட்டும். ஸ்லோமோஷன் வேண்டும் என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. இப்போது உங்கள் நண்பரின் உதடும் பாட்டும் ஒட்டவில்லை. நொடிக்கு 48 ஃப்ரேமில் எடுங்கள். எடுக்கும்போது ஸ்பீக்கரில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட விடுங்கள், அவரும் அதே வேகத்தில் வாயசைக்கட்டும். பிறகு 24 ஃப்ரேமில் ஓட்டினால் உதடு பாட்டின் சரியான வேகத்துக்கு வந்துவிடும், தலைமுடியும் துண்டும் மட்டும் மெதுவாக மிதக்கும். பெரிய பாடல் காட்சிகளிலும் இதைத்தான் செய்கிறார்கள். படத்தில் டீக்கடை டியூப்லைட் துடிக்கிறதே, அதற்கும் சுலபமான வழி உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் நிறுத்துங்கள், துடிப்பு போய்விடும். குவாரிக் காட்சிகளை உச்சிவெயிலில் எடுத்ததால் பெரியப்பாவின் கண் இரண்டும் கருங்குழியாகத் தெரிகின்றன. காலை எட்டு மணிக்குள் எடுங்கள், முடியாவிட்டால் வெளிச்சம் திரும்பி முகத்தில் விழ, முகத்துக்குக் கீழே ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பிடியுங்கள். அந்தக் கண்ணைப் பார்க்கத்தான் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்.

படத்தை 9 நிமிஷமாக வெட்டுங்கள். எதை வெட்ட வேண்டும் என்று உங்களுக்கே இப்போது தெரிந்திருக்கும். வெட்டிய இடத்தில் ஒரு காட்சி சேர்க்கலாமா என்று எனக்கு ஆசை. கீழவளவு பஞ்சபாண்டவர் மலை உங்களுக்குப் பக்கம்தானே? அங்கே சமண முனிவர்களுக்காகப் பாறையில் வெட்டிய படுக்கைகள் இருக்கின்றன. தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தும் உண்டு, இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தையது. பெரியப்பாவை அங்கே கூட்டிப்போய், வசனம் எதுவும் கொடுக்காமல், அந்தப் படுக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். உளி எப்படி இறங்கியிருக்கிறது என்று ஒரு கல் வேலைக்காரர் பார்க்கிற பார்வை நமக்கு வராது. அவர் என்ன சொல்கிறாரோ அதை வையுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் அதையும் வையுங்கள். பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் தொல்லியல் துறைக்கு எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள்.

சென்னைக்குப் போவதா வேண்டாமா என்பதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். உதவி இயக்குநராக வேலை கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போங்கள். லிங்க் கொடுத்துவிட்டுக் காத்திருக்கப் போக வேண்டாம்.

முதலில் படத்தை உங்கள் ஊரில் காட்டுங்கள். 612 பேரில் குவாரியில் வேலை பார்த்தவர் எத்தனை பேர் என்று யோசித்தீர்களா? கூட்டமாக உட்கார்ந்து படம் பார்ப்பது இந்த மண்ணின் பழக்கம். 1952இல் மதுரையில் தங்கம் தியேட்டர் திறந்தபோது ஆசியாவிலேயே பெரியது என்று ஊரே பெருமைப்பட்டது. அது இன்று இல்லை, ஆனால் அந்தப் பழக்கம் எங்கேயும் போகவில்லை. மந்தையில் வெள்ளையடித்த சுவர் ஒன்று இருக்கும். புரொஜெக்டரை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கலாம். ஸ்பீக்கர் திருவிழாவுக்குக் கட்டுகிறவரிடம் கிடைக்கும். வின்சென்ட் கூடாரம் தூக்கிக்கொண்டு அலைந்தார், உங்களுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. முன்வரிசையில் பெரியப்பாவோடு வேலை பார்த்தவர்களை உட்கார வையுங்கள், அப்பத்தாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். நீங்கள் சுவரைப் பார்க்காமல் சுவருக்குப் பக்கத்தில் நின்று அவர்கள் முகத்தைப் பாருங்கள். எந்த இடத்தில் பீடி பற்றவைக்கிறார்கள், எந்த இடத்தில் பற்றவைத்ததை மறந்துவிடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த படத்தின் எடிட்டிங் அதிலேயே பாதி முடிந்துவிடும்.

அறுப்பு முடிந்த ஒரு சனிக்கிழமையாகப் பார்த்துச் சொல்லுங்கள். அம்மாவையும் அழைத்துக்கொண்டு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி வந்துவிடுகிறேன். எட்டு மணிக்குப் படம் என்றால் ஆறு மணிக்கே ஸ்பீக்கரைப் போட்டுச் சரிபார்த்துவிடுங்கள், அப்பத்தாவின் குரல் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா