தெருத் தெருவாக நடந்து ஊர் வரலாறு சொல்லும் உங்கள் நடைச் சுற்றில் பாதிப் பேர் நடுவிலேயே கழன்றுகொள்கிறார்களா?

முதலில் நிறுத்தங்களைக் குறையுங்கள். 90 நிமிடத்தில் 14 இடம் என்கிறீர்கள். 6, 7 போதும்.

ஆட்கள் கழல்வது சலிப்பால் அல்ல, பின்வரிசைக்குப் பேச்சு கேட்காததால் என்றுதான் தோன்றுகிறது. கடைசி ஆள் வந்து சேருமுன்பே பேச ஆரம்பித்துவிடுவோம், நானும் செய்த தப்புதான். அடுத்த முறை நண்பர் ஒருவரைக் கடைசியில் நடக்கவிட்டு, எங்கே என்ன கேட்கவில்லை என்று குறிக்கச் சொல்லுங்கள்.

2007இல் டொராண்டோவில் தொடங்கிய, ஊர்க்காரர்களே வழிநடத்தும் ஜேன்ஸ் வாக் (Jane's Walk) நடைகளை உரையாடல் என்றே சொல்வார்கள். நீங்களும் ஒரு நிறுத்தத்தை அந்தத் தெருவில் நெடுநாள் வசிப்பவரிடம் விட்டுவிடுங்கள். கட்டடம் கட்டிய ஆண்டைவிட, அங்கே முன்பு யார் குடியிருந்தார்கள் என்பதைத்தான் கூட்டம் நின்று கேட்கும். ஆனால் அவர் சொல்வதெல்லாம் வரலாறு ஆகிவிடாது. பழைய வரைபடத்தோடு ஒத்துப் பாருங்கள்.

30 பேருக்கு மேல் வந்தால் இதெல்லாம் உதவாது, இரண்டு குழுவாகப் பிரித்தே ஆகவேண்டும்.