வயல் நடுவே ஓர் அகழி

அன்புள்ள சார்,

வேலை விஷயமாக இங்கிலாந்தின் சஃபோக் பக்கம் இருக்கிறேன். இங்கே ஒரு வயலில் சதுரமாக ஒரு பள்ளம். பாதி தண்ணீர், பாதி புதர், நடுத்திட்டில் ஒன்றுமே இல்லை. பாதுகாக்கப்பட்ட சின்னமாம். கோட்டையும் இல்லை, ராஜாவும் இல்லை. யாரோ ஒரு விவசாயி வீட்டு அகழிக்கு இத்தனை மரியாதையா? காப்பதென்றால் தூர்வாரி, தோண்டிக் காட்டலாமே?

கதிர்

அன்புள்ள கதிர்,

அது பெரும்பாலும் 1250க்கும் 1350க்கும் இடையில் வெட்டியதாக இருக்கும். இங்கிலாந்தில் இப்படி ஏறத்தாழ 6,000 இடங்கள் தெரியவந்திருக்கின்றன. சஃபோக், எஸெக்ஸ் மாதிரி தண்ணீர் நிற்கிற களிமண் பூமியில்தான் நெருக்கம் அதிகம்.

படைக்குப் பயந்து வெட்டியவை அல்ல. திருடனைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், மீன் வளர்க்கலாம், வீட்டைச் சுற்றி ஈரம் வடியும். ஆனால் முக்கியக் காரணம் கௌரவம் என்பேன். மதிலைக் கோட்டை மாதிரி கட்ட அரசரிடம் உரிமம் வாங்குவார்கள். அகழிக்கு அந்தத் தொல்லை இல்லை. சின்ன நிலக்கிழாரும் வசதியான குடியானவரும் பெரிய இடத்துக்காரர் போல் வாழ இது ஒரு வழி.

சரி, தூர்வாருவது. அங்கேதான் நான் உங்களோடு உடன்படவில்லை. திட்டின் மேலிருந்த மரவீடு எப்போதோ போய்விட்டது. மிச்சமிருப்பது அடிச்சேற்றில்தான். காற்று புகாத சேற்றில் மரம், தோல், விதை, மகரந்தம் எல்லாம் மட்காமல் கிடக்கும். அந்த வீட்டில் என்ன சாப்பிட்டார்கள், சுற்றிலும் என்ன விளைந்தது என்பதெல்லாம் அதிலிருந்து தெரியும். தூர்வாரினால் அதைத்தான் அள்ளிக் கொட்டுவோம். அகழாய்வும் ஓர் இடத்தில் ஒரே ஒருமுறைதான் செய்ய முடியும். கலைத்த மண்ணைத் திரும்ப அடுக்க முடியாது.

1979ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் உள்ள இடத்தைத் தோண்டவோ நிரப்பவோ அமைச்சரின் அனுமதி வேண்டும். பழஞ்சின்னங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து ஆலோசனை சொல்லும். மெட்டல் டிடெக்டரோடு நுழையவும் தனியாக அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் குற்றம். ஆனால் ஏற்கெனவே உழுத நிலத்தை அதே ஆழத்துக்குத் தொடர்ந்து உழுவதற்குப் பொதுவாகச் சலுகை உண்டு. எனக்கு அது ஓட்டையாகத்தான் படுகிறது. அப்புறம், பக்கத்து வயலில் ஆழமாக வடிகால் போட்டாலே போதும்: நீர்மட்டம் இறங்கும், சேறு காயும், எழுநூறு வருடம் தாங்கிய மரம் மட்கத் தொடங்கும். வேலியைத் தாண்டி யாரும் கால் வைத்திருக்கவே மாட்டார்கள். இதுபோக, எல்லா அகழிகளும் பட்டியலில் இல்லை.

கண்ணுக்குக் காட்சி வேண்டுமென்றால் கென்ட்டில் உள்ள இட்டம் மோட்டுக்குப் போங்கள். வீடும் தண்ணீரும் இன்னும் முழுசாக இருக்கின்றன. ஹெரிஃபோர்ட்ஷயரில் லோயர் பிராக்ஹாம்ப்டன் இன்னும் சின்னது, மரத்தால் கட்டியது. அகழி மேலேயே வாசல் கட்டடம் நிற்கிறது. உங்களுக்குத் தூரம்தான், ஆனால் நீங்கள் பார்த்த வெற்றுத் திட்டின் மேல் என்ன இருந்திருக்கும் என்று அங்கே ஓரளவு ஊகிக்கலாம்.