தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா சாப்பிட மறுக்கிறார்: முதலில் வலியை அடக்குங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. தொண்டைப் புற்றுநோய்க்காக ஐந்து வாரத்துக்கு முன் குரல்வளையை முழுவதும் எடுத்துவிட்டார்கள், கழுத்தில் இரண்டு பக்கமும் நெறிகட்டிகளையும் எடுத்தார்கள். கழுத்தில் வைத்த ஓட்டை வழியாகத்தான் மூச்சு விடுகிறார். மூக்குக் குழாயை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. ஆனால் கஞ்சித் தண்ணீர், இளநீர் தவிர எதையும் தொடுவதில்லை. ஸ்லேட்டில் 'வலிக்குது, வேண்டாம்' என்று எழுதிக் காட்டுகிறார். ஆபரேஷன் அன்று 52 கிலோ, இப்போது 47. வலி மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று சொல்வதால் ரொம்ப முடியாதபோது மட்டும் கொடுக்கிறோம். மார்பின் தரலாமா என்று டாக்டர் கேட்டார், அது கடைசிக் கட்டத்தில் கொடுப்பது என்று பயந்து மறுத்துவிட்டோம். பால், முட்டை, மீன் கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அடுத்த வாரம் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்க ஆரம்பிக்கிறார்கள். என்ன சாப்பாடு கொடுப்பது?

பதில்: சகோதரி, நீங்கள் கேட்டது சாப்பாட்டைப் பற்றி. நான் வலியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் அப்பாவுக்குப் பசி இல்லாமல் இல்லை, ஒவ்வொரு வாயும் வலிக்கும் என்று தெரிந்த மனிதர் தட்டைப் பார்த்தாலே கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார். அவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்று யாராவது வீட்டில் சொன்னால், தயவுசெய்து அதை நிறுத்தச் சொல்லுங்கள். வலியை அடக்காமல் எவ்வளவு நல்ல சமையல் செய்து வைத்தாலும் அது ஆறித்தான் போகும்.

இப்போது நீங்கள் மாத்திரை கொடுக்கும் முறையைப் பாருங்கள். வலி உச்சத்துக்குப் போன பிறகு கொடுக்கிறீர்கள். மாத்திரை வேலை செய்ய முக்கால் மணி நேரம் ஆகும், அதற்குள் சாப்பாட்டு வேளை போய்விடும், கொஞ்சம் வலி குறைந்ததும் அசதியில் தூங்கிவிடுவார், எழுந்தால் மறுபடியும் வலி. என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான், பகல் இரண்டு மணி ஆனால் கட்டில் விளிம்பை விரலால் தட்ட ஆரம்பிப்பார், பேச முடியாதவர் இல்லையா, அதுதான் அவருடைய முனகல். வீட்டில் யாருக்கும் அது புரியவில்லை, மனைவி மட்டும் ஒருநாள் கடிகாரத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தார். மாத்திரையை வலி வரும் முன்பே, மணி பார்த்துக் கொடுக்க ஆரம்பித்த நான்காவது நாள் அவர் தானாக இட்லி கேட்டு எழுதிக் காட்டினார்.

அதனால் மணி பார்த்துக் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே புற்றுநோய் வலிக்குப் படிப்படியான முறை ஒன்றை வகுத்தது, அதில் முக்கியமான விதியே இதுதான்: கேட்கும்போது அல்ல, நேரத்துக்குக் கொடு. பாராசிட்டமால் என்றால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. 47 கிலோ உள்ளவருக்கு 650 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு நான்கு, அதற்கு மேல் போகக் கூடாது, முன்பு குடிப்பழக்கம் இருந்து கல்லீரல் கெட்டிருந்தால் இன்னும் குறைவு, அதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு எச்சரிக்கை. டிரமடால் சேர்ந்த மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் கலந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள், இல்லாவிட்டால் தெரியாமலே இரண்டு மடங்கு போய்விடும். காலை, மதியம், இரவு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் வரும்படி அமைத்துக்கொண்டால், அவர் விழுங்குகிற நேரம் வலி தணிந்திருக்கும்.

கிட்னி விஷயம். பயம் முழுக்கத் தப்பில்லை, ஆனால் தப்பான மாத்திரை மேல் விழுந்திருக்கிறது. மெடிக்கலில் கேட்டவுடன் கொடுக்கும் டைக்ளோஃபினாக் போன்றவைதான், அதுவும் தண்ணீர் கூடச் சரியாகக் குடிக்காத ஒல்லியான உடம்பில், சிறுநீரகத்தையும் வயிற்றையும் பதம் பார்க்கும். டாக்டர் எழுதாமல் அந்த ஊசியோ மாத்திரையோ வேண்டாம். அளவோடு கொடுக்கும் பாராசிட்டமாலோ மார்பினோ அந்த மாதிரி கிட்னியைக் கெடுப்பதில்லை.

மார்பினைக் கடைசிக் கட்ட மருந்து என்று நினைத்து மறுத்துவிட்டீர்கள். உங்கள் மேல் குற்றமில்லை, நம் ஊரில் அந்தப் பெயரைக் கேட்டாலே வீட்டில் அழுகை ஆரம்பிக்கும். ஆனால் மார்பின் என்பது வலியின் அளவுக்குக் கொடுக்கிற மருந்து, ஆயுளின் அளவைப் பார்த்துக் கொடுப்பது அல்ல. குணமாகப் போகிறவர்களுக்கும் கரண்ட் வைக்கும் வாரங்களில் கொடுக்கிறோம், வாய்ப்புண் ஆறியதும் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறோம். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கலாம், அது பழகிவிடும், மலச்சிக்கல் மட்டும் பழகாது, அதனால் முதல் நாளிலிருந்தே மலம் இளக்கும் மருந்தைச் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். நாமாகக் கூட்டவோ திடீரென்று நிறுத்தவோ கூடாது. எழுப்பினாலும் சரியாக விழிக்காத அளவு தூக்கமோ, மூச்சு மந்தமாவதோ தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி. சாதாரண மெடிக்கலில் இது கிடைக்காது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கடுமையாக இருந்ததால் பல வருடம் தேவைப்பட்டவர்களுக்கே கிடைக்காமல் இருந்தது, 2014-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு அனுமதி பெற்ற மருத்துவமனைகள் எளிதாக வைத்துக்கொள்ள முடிகிறது. உங்கள் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் வலி நிவாரணப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். டாக்டர் மறுபடி எடுத்துச் சொன்னால், இந்த முறை சரி என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, 'வலிக்குது' என்று எழுதினால் எங்கே, எப்படி என்று கேளுங்கள். ஸ்லேட்டில் ஒரு கழுத்து, தோள், காது வரைந்து கொடுத்து விரலால் காட்டச் சொல்லலாம். தோள்பட்டை வலியாக இருந்தால், நெறிகட்டி எடுக்கும்போது தோளைத் தூக்கும் நரம்பு இழுபட்டிருக்கும், அதற்கு மாத்திரையை விட பிசியோதெரபிதான் மருந்து, உட்காரும்போது முழங்கைக்குக் கீழே தலையணை வையுங்கள், அந்தக் கையில் குடம் தூக்க விடாதீர்கள். எரிச்சலாக, கரண்ட் அடிப்பது போல என்றால் அது நரம்பு வலி, அதற்கு வேறு மாத்திரை உண்டு. காதில் வலி வருவது தொண்டையிலிருந்து வரும் வலியாகவும் இருக்கும். விழுங்கும்போது மட்டும் வலி என்றால் டார்ச் அடித்து வாயைப் பாருங்கள், தயிர் ஒட்டியது போல வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்று, ஒரு வார மருந்தில் போய்விடும், அதைக் கவனிக்காமல்தான் பலர் சாப்பாட்டை விட்டுவிடுகிறார்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். ஐந்து வாரத்தில் ஐந்து கிலோ, அதாவது உடம்பில் பத்தில் ஒரு பங்கு. இது அவசரம், கரண்ட் ஆரம்பிக்கும் முன்பே, இந்த வாரமே டாக்டரையும் அங்குள்ள டயட்டீஷியனையும் பாருங்கள். இப்போது உள்ளே போவதைக் கூட்டிப் பார்த்தால் நாளைக்கு 400 கலோரி தேறாது. அவருக்கு வேண்டியது 1,400-லிருந்து 1,600, புரதம் 60-70 கிராம். இளநீர் நல்லதுதான், ஆனால் அது தண்ணீரும் உப்பும்தான், சாப்பாடு ஆகாது. கஞ்சித் தண்ணீரும் அப்படியே.

பாலும் முட்டையும் மீனும் சீழ் பிடிக்க வைக்காது. சீழ் கிருமியால் வருவது. புண் மூடுவதற்குச் சதை வளர வேண்டும், சதை வளரப் புரதம் வேண்டும், அந்தப் புரதத்தைத்தான் பத்தியம் என்ற பெயரில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். இதைச் சொந்தக்காரர்களிடம் டாக்டர் சொன்னார் என்றே சொல்லுங்கள். பச்சை முட்டை மட்டும் வேண்டாம், நன்றாக வெந்ததுதான்.

கஞ்சியைத் தூக்கிப் போட வேண்டாம், அதையே சாப்பாடாக மாற்றுங்கள். குழைய வேக வைத்த அரிசியும் பாசிப்பருப்பும் ஒரு பங்கு, அதில் தண்ணீருக்குப் பதில் காய்ச்சிய பால், இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடர், ஒரு ஸ்பூன் நெய், மிக்ஸியில் ஒரு சுற்று, கரண்டியைத் தூக்கினால் தொடர்ச்சியாக ஊற்ற வேண்டும், சொட்டுச் சொட்டாகவும் விழக் கூடாது, கட்டியாகவும் விழக் கூடாது. ஒரு டம்ளர் பழைய கஞ்சித் தண்ணீரைப் போல நாலைந்து மடங்கு சத்து அதே டம்ளரில் போகும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. வேகவைத்த முட்டையையோ முள் எடுத்த மீனையோ பருப்பு சாதத்தோடு அரைத்துவிடலாம். பாலில் ஊறிய இட்லி, சத்துமாவுக் கஞ்சி, வாழைப்பழமும் பாலும் அடித்தது, மிளகு இல்லாத குழைந்த பொங்கல், பால் விட்ட கேழ்வரகுக் கூழ், எல்லாம் போகும். சர்க்கரை நோய் இருந்தால் டயட்டீஷியனிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று வேளைத் தட்டு என்பதை மறந்துவிட்டு, இரண்டு இரண்டரை மணிக்கு ஒரு தடவை ஒரு டம்ளர், ஆறு ஏழு முறை. ஊறுகாய், புளி, மிளகாய், ஆரஞ்சு ஜூஸ், முறுக்கு, மொறுமொறு தோசை இப்போது வேண்டாம். ஆனால் ஒரே நாளில் 400-லிருந்து 1,600-க்குத் தாவாதீர்கள், பட்டினி கிடந்த உடம்பில் உப்புகள் திடீரென்று இறங்கி இதயத்தைப் பாதிக்கும், ஐந்தாறு நாளில் படிப்படியாக ஏற்றுங்கள், ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பரஸ் பார்க்கச் சொல்லுங்கள்.

குரல்வளையை முழுவதும் எடுத்தவருக்கு மூச்சுப் பாதையும் உணவுப் பாதையும் தனித்தனி. அதனால் தண்ணீராக இருப்பது அவருக்கு எளிதில் இறங்கும், கெட்டியானதுதான் சிக்கும். பாதி குரல்வளை எடுத்தவர்களுக்கு இது நேர் எதிர், தண்ணீர்தான் மூச்சுக்குழாயில் போய்ப் புரையேறும், கெட்டியாக இருந்தால்தான் பாதுகாப்பு. ஆகவே பக்கத்துப் படுக்கைக்காரர் வீட்டில் சொன்ன யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு டீஸ்பூன் அளவு, விழுங்கியதும் இன்னொரு வெறும் விழுங்கல், இடையிடையே ஒரு மடக்கு வெதுவெதுப்பான தண்ணீர். முடித்த பிறகு அரை மணியாவது சாய்ந்து படுக்கக் கூடாது.

மறந்துபோகிற ஒரு விஷயம், மூச்சு மூக்கு வழியாகப் போகாததால் அவருக்கு வாசனை தெரியாது, வாசனை இல்லாவிட்டால் ருசியும் பாதிதான். எல்லாம் மண்ணாங்கட்டி மாதிரி இருக்கிறது என்று அவர் எழுதினால் அது உங்கள் சமையலைச் சொல்வது இல்லை. சூடான கஞ்சியை ஊதி ஆற வைக்கவும் அவரால் முடியாது, பால் திரிந்திருந்தாலும் தெரியாது, நீங்கள்தான் ஒரு சொட்டு புறங்கையில் விட்டுப் பார்த்து, மோந்து பார்த்துக் கொடுக்க வேண்டும். உதட்டை மூடிக்கொண்டு கொட்டாவி விடுவது போலத் தாடையைக் கீழே இறக்கும் ஒரு பயிற்சியில் கொஞ்சம் காற்று மூக்குக்குள் போகும், பேச்சுப் பயிற்சியாளர் சொல்லித் தருவார், பலருக்கு வாசனை திரும்புகிறது.

கரண்ட் தொடங்கினால் முதல் வாரம் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்றாவது வாரத்திலிருந்து வாய், தொண்டை புண்ணாகும், முடிந்த பிறகும் ஓரிரு வாரம் வலி குறையாது. வலி மருந்தை அப்போது கூட்ட வேண்டியிருக்கும், அதை முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் அதில் பாதி உப்பும் போட்டு ஒரு நாளில் ஐந்தாறு முறை வாய் கொப்பளிக்கட்டும். பல் டாக்டரைக் கரண்டுக்கு முன்பே பார்த்துவிடுங்கள், பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். எடையைக் காப்பாற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கரண்ட் வைக்கும்போது முகத்தில் போடும் வலை முகமூடியை அவர் முகத்துக்கென்றே அச்செடுப்பார்கள், மெலிந்துபோனால் அது லூஸாகும், மறுபடி அளவெடுக்க வேண்டிவரும், சிகிச்சை நாள் தள்ளிப்போகும். அந்த நிலைமையில் டாக்டர் மறுபடியும் மூக்குக் குழாயோ வயிற்றுக் குழாயோ வைக்கலாம் என்றால் சம்மதியுங்கள், தோற்றுவிட்டோம் என்று அர்த்தமில்லை. குழாயில் மாத்திரை கொடுக்கும்போது மெதுவாகக் கரையும் எஸ்ஆர் வகை மாத்திரைகளைப் பொடித்துப் போடவே கூடாது, முழு மருந்தும் ஒரேயடியாக ஏறிவிடும். குழாய் வெளியே வந்துவிட்டால் வீட்டில் திரும்பச் செருகாதீர்கள்.

கழுத்துக் காயத்தில் எச்சிலோ பாலோ கசிந்தால், காய்ச்சலோடு கழுத்து சிவந்து வீங்கினால், இருமும்போது குடித்த பால் ஓட்டை வழியாக வந்தால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஓட்டையிலிருந்தோ கழுத்திலிருந்தோ புது ரத்தம் வந்தால், அது ஒரு ஸ்பூன்தான் என்றாலும் காத்திருக்க வேண்டாம். குறைந்துகொண்டே வந்த வலி திடீரென்று கூடினாலும் அறுவை செய்த டாக்டரிடம் காட்டுங்கள்.

போகும்போது தைராய்டு, கால்சியம் பரிசோதனையும் கேளுங்கள். இந்த ஆபரேஷனில் அவை குறைவது உண்டு, குறைந்தாலும் சோர்வும் சாப்பிடப் பிடிக்காமையும் வரும். அடுத்த திங்கட்கிழமை காலை, சாப்பிடும் முன், அதே தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். மாத்திரை கொடுத்த நேரத்தையும் குடித்த டம்ளர்களையும் அதே நோட்டில் குறித்து, கரண்ட் டாக்டரிடம் எடுத்துப்போங்கள்.