கருவேலங்காட்டிலிருந்து வல்லப் படகுக்கு எரிபொருள் எடுக்க முடியுமா?

கேள்வி: சாயல்குடிப் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் தரிசு இருக்கிறது, முழுவதும் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. வல்லத்துக்கு டீசல் போட்டு மாளவில்லை. விறகிலிருந்து எத்தனால் (எரிசாராயம்) எடுக்கும் சிறிய இயந்திரம் இருப்பதாகச் சொல்லி ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

விறகில் சர்க்கரை இருப்பது உண்மைதான். ஆனால் அது செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் என்ற நீண்ட சங்கிலிகளாக, மரத்தைக் கெட்டியாக்கும் லிக்னினோடு இறுகிக் கிடக்கிறது. முதலில் அமிலமோ உயர் அழுத்த நீராவியோ கொண்டு அதை இளக்க வேண்டும். பிறகு நொதிகளால் சங்கிலியை அறுக்க வேண்டும். சர்க்கரையை எத்தனாலாக்கும் ஈஸ்டின் வேலை அதற்கப்புறம்தான். அப்போதும் ஹெமிசெல்லுலோஸிலிருந்து வரும் சைலோஸ் என்ற சர்க்கரையைச் சாதாரண ஈஸ்ட் தொடாது. கொட்டகையில் வைத்து ஓட்டுகிற காரியமல்ல இது.

பானிப்பட்டில் 2022-ல் தொடங்கப்பட்ட இந்தியன் ஆயில் ஆலையின் திட்ட அளவு, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் 3 கோடி லிட்டர் எத்தனால். டன்னுக்கு 150 லிட்டர் ஆகிறது. அதன் வெப்பம் சுமார் 90 லிட்டர் டீசலுக்குத்தான் சமம். ஒரு டன் காய்ந்த விறகை அப்படியே எரித்தாலோ 450 லிட்டர் டீசலின் வெப்பம் கிடைக்கும்! பெரிய ஆலைக்கே கணக்கு இப்படியென்றால் உங்கள் இயந்திரத்தின் நிலையை யோசியுங்கள்.

அதோடு, எத்தனால் உங்கள் எஞ்சினுக்கே ஆகாது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது; காற்றை அழுத்தும் சூட்டில் எரிபொருள் தானே பற்ற வேண்டும். எத்தனால் அப்படி எளிதில் பற்றாது. ஈரத்தையும் இழுக்கும். உரிமமில்லாமல் காய்ச்சினால் மதுவிலக்குச் சட்டம் வேறு இருக்கிறது; இயந்திரம் ஓடுகிறதோ இல்லையோ, போலீஸ் வண்டி வந்து நின்றுவிடும்.

கருவேலத்தைத் திட எரிபொருளாகவே விற்று, அந்தப் பணத்தில் டீசல் வாங்குங்கள். கேட்கச் சப்பென்று இருக்கும், கணக்கு அதுதான். பச்சை விறகின் எடையில் பாதிவரை தண்ணீர். வெட்டிய அன்றே ஏற்றினால் அடிமாட்டு விலைதான். வெயிலில் அடுக்கிச் சில வாரம் காயவிடுங்கள். சுள்ளி, இலை, தூரில் ஒட்டிய உவர்மண் எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். உப்பும் மணலும் சேர்ந்தால் கொதிகலனுக்குள் சாம்பல் உருகிக் கட்டிதட்டும். விறகு எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகள் அத்தகைய சுமையைத் திருப்பி அனுப்பிவிடும்.

விறகை அடுக்கி மண் பூசி மூடிக் கரிமூட்டம் போடுவதாக இருந்தால் நான்கைந்து கிலோ காய்ந்த விறகுக்கு ஒரு கிலோ கரி வரும். ஈர விறகென்றால் இன்னும் குறையும், ஏனென்றால் தண்ணீரை விரட்டவே விறகில் ஒரு பங்கு எரிந்துபோகும். அடர்ந்த வெள்ளைப் புகை போய் மெல்லிய நீலப் புகை வந்ததும் மூட்டத்தின் காற்றுத் துளைகளை அடைக்க வேண்டும். மண்பூச்சு வெடித்தால் உள்ளே காற்று புகுந்து எல்லாம் சாம்பல். இரவில் ஆள் காவலிருப்பது அதற்குத்தான். குடியிருப்புக்கு அருகே மட்டும் மூட்டாதீர்கள்.

பட்டா நிலத்து மரம்தான் உங்களுடையது. ஒட்டியிருக்கும் கண்மாய் மரத்தில் கை வைத்தால் வம்பு. நிலத்தில் பயிர் செய்யும் எண்ணமிருந்தால் தூரோடு தோண்டுங்கள். தூரை விட்டு மேலே மட்டும் வெட்டினால் துளிர்த்து, சில ஆண்டுகளில் மறுபடி விறகாகும். அதுவும் ஒரு வருமானம்.

பயோடீசலுக்கென்று காட்டாமணக்கு நடச் சொல்லி யாராவது வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். தண்ணீரில்லாத தரிசில் அது உயிரோடு நிற்கும், சொல்லும்படி காய்க்காது. 2003-க்குப் பிறகு நாடெங்கும் நட்டவர்கள் பட்டது போதும். கடலோர மணலில் புன்னை நிற்கும். வரப்போரம் சில கன்றுகள் வைக்கலாம், பருப்பில் பாதிக்கு மேல் எண்ணெய். ஆனால் அந்த எண்ணெயை அப்படியே டேங்கில் ஊற்றினால் எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் அடைத்துக்கொள்ளும். மெத்தனால் சேர்த்துப் பயோடீசலாக்கிய பிறகே, அதுவும் டீசலில் கொஞ்சமாகக் கலந்து, பயன்படுத்த முடியும்.